கரையோர நீரோட்டம்: அளவையும் கணிப்பும்

2019 நவம்பர் இறுதியில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும் வரை, பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்ட மாவட்டத்துக்கு நீண்ட கடற்கரையும் இருந்தது. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம் ஆகியவற்றோடு, காஞ்சி நகரை ஒட்டி ஓடிவரும் பாலாறு கடலில் சேரும் வயலூர்ப் பகுதியும் அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. இந்தக் கரைக்கு எதிரே உள்ள வங்கக் கடற்பரப்பு, மேற்பரப்பு நீரோட்டத்தை மணிக்கு ஒருமுறை அளந்து பதிவுசெய்வதற்கான ஏற்பாடு உள்ள, இந்தியாவின் சில கடற்பரப்புகளுள் ஒன்று. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் கல்பாக்கத்திலும் கடலூரிலும் அதற்கான ரேடார் இணையை நிறுவியிருக்கிறது. அதே பரப்பின் ஓட்டத்தை ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், அதாவது இன்காய்ஸ், கணினி மாதிரிகளைக் கொண்டு நாள்தோறும் கணக்கிட்டு முன்னறிவிக்கிறது. கருவி அளப்பதும் கணினி கணிப்பதும் தனித்தனியே பிழையுடையவை. எது எவ்வளவு பிழைபடும் என்பதை அறிந்து இரண்டையும் பிணைத்தால், இரண்டையும்விட நம்பத்தக்க ஒரு விடை கிடைக்கும். கடந்த கால் நூற்றாண்டில் கரையோரக் கடலியல் அடைந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி இந்தப் பிணைப்பைச் சார்ந்தது.

இத்தகைய விடைக்கான தேவை தமிழகக் கரையில் மிகக் கடுமையாக உணரப்பட்டது 2017 சனவரி 28 அன்றுதான். அன்று விடியுமுன் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே, சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட ‘பிடபிள்யூ மேப்பிள்’ என்ற கப்பலும், பெட்ரோலியப் பொருள்களை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தை நோக்கி வந்த ‘டான் காஞ்சிபுரம்’ என்ற கப்பலும் மோதிக்கொண்டன. காஞ்சி நகரின் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பலிலிருந்து கனமான எரிபொருள் எண்ணெய் கடலில் கொட்டியது. தொடக்கத்தில் மிகக் குறைவாகச் சொல்லப்பட்ட அளவு பின்னர் 200 டன்னை ஒட்டிய கணக்குக்கு உயர்ந்தது. எண்ணெய் தெற்கு நோக்கி நகர்ந்து எர்ணாவூர், திருவொற்றியூர்க் கரைகளில் தடித்த கருங்குழம்பாக ஒதுங்கியதும், மெரினாவிலும் அதற்குத் தெற்கேயும் படிந்ததும், ஆயிரக்கணக்கானோர் வாளிகளால் அதை அள்ளியதும் தமிழகம் முழுவதும் பார்த்த காட்சிகள். கடலில் சிந்திய எண்ணெய் எந்தப் பக்கம் போகும், எத்தனை நாளில் எந்தக் கரையைத் தொடும் என்பதை முன்னறிவிக்கும் பொறுப்பு இன்காய்ஸுடையது.

அந்த முன்னறிவிப்பின் உள்ளே இருப்பது எளிய கணக்குதான். மிதக்கும் எண்ணெய் நீரோட்டத்தோடு நகர்கிறது. அத்துடன் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 விழுக்காடு காற்றின் திசையிலும் நகர்கிறது. நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் வடகிழக்கிலிருந்து காற்று வீசினால், நீரோட்டம் இல்லாதபோதும் எண்ணெய் நொடிக்கு 21 செ.மீ., அதாவது நாளொன்றுக்கு 18 கி.மீ. தென்மேற்காகத் தள்ளப்படும். நீரோட்டத்தின் வேகத்தைக் கணிப்பதில் நொடிக்கு 10 செ.மீ. பிழை நேர்ந்தால், 24 மணி நேரத்தில் எண்ணெயின் இடம் 9 கி.மீ. அளவுக்குத் தவறிப்போகும். எண்ணூர்த் துறைமுகத்துக்கும் எர்ணாவூருக்கும் இடையிலான தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே ஒரு குப்பத்துக்கு அனுப்ப வேண்டிய எச்சரிக்கை அடுத்த குப்பத்துக்குப் போய்ச்சேர, தாளில் சிறியதாகத் தோன்றும் இந்தப் பிழையே போதும்.

பருவத்தை வைத்தே நீரோட்டத்தைச் சொல்லிவிட முடியாதா என்ற கேள்வி இங்கு எழுவது இயல்பு. கிழக்குக் கரை மீனவர்களின் பேச்சில் நீரோட்டத்தின் திசைகளுக்கு வன்னி, தெண்டி என்பன போன்ற தனிப் பெயர்கள் இருப்பதே, அது திசை மாறும் தன்மையது என்பது இங்கு நெடுங்காலமாக அறியப்பட்டது என்பதற்குச் சான்று. கடலியலில் கிழக்கிந்தியக் கரையோர நீரோட்டம் எனப்படும் இந்த ஓட்டம் பிப்ரவரி முதல் மே வரை வடக்கு நோக்கி ஓடுகிறது; மார்ச், ஏப்ரலில் உச்சத்தை எட்டி, நொடிக்கு 1 மீட்டர் அளவுக்கும் விரைகிறது. தென்மேற்குப் பருவத்தில் கரை நெடுகிலும் ஒரே திசை இராமல் துண்டுபட்டு நிற்கிறது. ஐப்பசியில் திரும்பி, நவம்பர், டிசம்பரில் ஒடிசாக் கரை தொடங்கித் தமிழகக் கரை வரை தெற்கு நோக்கிப் பாய்கிறது. இந்தத் திருப்பங்களுக்குக் கரையில் வீசும் காற்று மட்டும் காரணமன்று என்பதை ஜூலியன் மெக்ரீரி, சதீஷ் ஷெட்டியே, டி. சங்கர் முதலியோர் 1990களில் கணித மாதிரிகளின் வழியாக நிறுவினர். வங்கக் கடலின் நடுப்பகுதியில் காற்று உண்டாக்கும் சுழற்சி, கடலின் வடக்கு, கிழக்கு விளிம்புகளில் வீசும் காற்று, நிலநடுக்கோட்டிலிருந்து புறப்பட்டு அந்தமான், மியான்மர், வங்கதேசக் கரைகளைச் சுற்றிக்கொண்டு இந்தியக் கரைக்கு வரும் நீண்ட கடலலைகள் ஆகிய மூன்றும் உள்ளூர்க் காற்றோடு சேர்ந்து இந்த ஓட்டத்தை இயக்குகின்றன. சுமத்ரா அருகே சில வாரங்களுக்கு முன்பு வீசிய காற்றுக்கும் இன்று கல்பாக்கத்தில் ஓடும் நீருக்கும் தொடர்பு உண்டு என்பது இதன் பொருள். சனவரி மாதக் கடைசியோ தெற்கு நோக்கிய ஓட்டம் தளர்ந்து வடக்கு நோக்கிய ஓட்டம் தலையெடுக்கும் இடைக்காலம். அப்போது பல ஆண்டுச் சராசரியைப் பார்த்து ஒரு குறிப்பிட்ட நாளின் திசையைச் சொல்லப் புகுவது ஊகமாகவே முடியும். எண்ணூர் விபத்து நிகழ்ந்ததும் அத்தகையதொரு வாரத்தில்தான்.

அளவைகளுள் முதலிடம் பெறுவது கரையோர ரேடார். மழைமேகத்தைக் காட்டும் வானிலை ரேடாரைப் போலன்றி, இது மிக நீண்ட அலைநீளத்தில், கல்பாக்கம், கடலூர் நிலையங்களில் ஏறத்தாழ 5 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகிறது. இந்த அதிர்வெண்ணில் ரேடியோ அலையின் நீளம் 60 மீட்டர். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், அலை கடற்பரப்பை ஒட்டியபடியே புவியின் வளைவையும் தாண்டி 200 கி.மீ. வரை செல்கிறது. கடலில் எத்தனையோ நீளமுள்ள அலைகள் கலந்து கிடந்தாலும், ரேடியோ அலைநீளத்தில் சரிபாதி, அதாவது 30 மீட்டர் நீளமுள்ள கடலலைகள் திருப்பியனுப்பும் எதிரொலிகள் மட்டுமே ஒன்றோடொன்று இசைந்து வலுப்பெறுகின்றன. படிகங்களில் எக்ஸ் கதிர் சிதறுவதை விளக்கும் பிராக் விதியே இங்கும் செயற்படுகிறது. கடலில் அதைக் கண்டறிந்து 1955இல் வெளியிட்டவர் நியூசிலாந்தின் டக்ளஸ் கிராம்பி. 30 மீட்டர் நீள அலை ஆழ்ந்த நீரில் நொடிக்கு 6.8 மீட்டர் வேகத்தில் செல்லும் என்பது இயற்பியலால் உறுதியாகத் தெரிந்த ஒன்று. எதிரொலியின் அதிர்வெண் மாற்றத்திலிருந்து, அதாவது டாப்ளர் விளைவிலிருந்து, பெறப்படும் வேகம் அதைவிடக் கூடவோ குறையவோ இருந்தால், அந்த வேறுபாடு அலையைச் சுமந்து செல்லும் நீரோட்டத்துக்கு உரியது. கடலில் ஒரு கருவியையும் இறக்காமல், கரையில் நட்ட உணர்கொம்புகளால் கடலின் ஓட்டத்தை அறிய முடிவது இந்த எளிய கழித்தலால்தான்.

ஆனால் ஒரு ரேடார் தன்னை நோக்கி வரும் அல்லது தன்னைவிட்டு விலகும் வேகத்தை மட்டுமே உணரும். குறுக்காகச் செல்லும் ஓட்டம் அதற்குத் தெரியாது. ஆகவேதான் ரேடார்கள் இணையாக நிறுவப்படுகின்றன. ஏறத்தாழ 95 கி.மீ. இடைவெளியில் இருக்கும் கல்பாக்கமும் கடலூரும் ஒரே நீர்ப்பரப்பை இரு கோணங்களிலிருந்து பார்க்க, அவ்விரு வேகங்களிலிருந்து உண்மையான திசையும் வேகமும் கணிக்கப்படுகின்றன. இவ்வாறு கிடைப்பது சில கிலோமீட்டர் இடைவெளியுள்ள புள்ளிகளில், மணிக்கு ஒருமுறை, கடலின் மேல் 2 முதல் 3 மீட்டர் வரையிலான அடுக்கின் ஓட்டம். குஜராத், ஆந்திரம், ஒடிசா, அந்தமான் கரைகளிலும் சேர்த்து இத்தகைய ஐந்து இணைகள் இந்தியக் கரையோரக் கடல் ரேடார் வலையமைப்பாக இயங்குமாறு நிறுவப்பட்டன.

ரேடாருக்கு எட்டாத ஆழத்தை வேறு கருவிகள் பார்க்கின்றன. கோவாவின் தேசியக் கடலாய்வு நிறுவனம், கடலூருக்கு எதிரே உள்ள இடம் உள்ளிட்ட, கிழக்குக் கரையின் பல இடங்களில், கண்டச்சரிவில் நங்கூரமிட்ட கம்பிவடங்களில் ஒலியலைக் கருவிகளைப் பொருத்திப் பல ஆண்டுகளாக ஓட்டத்தை அளந்து வருகிறது. மேலே நீர் தெற்கே ஓடும்போது கீழே வடக்கே ஓடும் அடியோட்டங்கள் உண்டு என்பது அந்த அளவைகளில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. மேற்பரப்பைப் பார்த்து ஆழத்தை ஊகிக்கக்கூடாது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. ஆர்கோ மிதவைகள் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, 10 நாளுக்கு ஒருமுறை மேலேறி வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. ஆனால் கண்டத்திட்டின் ஆழங்குறைந்த நீரில் அவற்றுக்கு வேலையில்லை. கடல்மட்டத்தின் உயரத்தை அளக்கும் செயற்கைக்கோள்களும், 2013 பிப்ரவரியில் சிறீஅரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்திய–பிரெஞ்சுச் செயற்கைக்கோளான சரல் உட்பட, கரையை நெருங்க நெருங்க நிலத்தின் எதிரொலி கலந்து தடுமாறுகின்றன.

கருவிகளைப் பற்றிப் பேசும்போது, மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய விடை தந்த ஒரு முயற்சியை விட்டுவிட முடியாது. 2005 மே முதல், தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் திட்டத்தில், இந்தியக் கரையின் எட்டு இடங்களில் மீனவர்கள் 5 நாளுக்கு ஒருமுறை முழங்கால் அளவு நீரில் இறங்கிக் கடல்நீரைப் புட்டிகளில் பிடித்துத் தந்தனர். அந்த நீரின் உப்புத்தன்மையை அளந்தபோது, கங்கை, பிரம்மபுத்திரா வெள்ளம் வங்கக் கடலின் வடமுனையில் கலந்த பின், கரையை ஒட்டி 100 கி.மீ. அகலமுள்ள நன்னீர்ப் பட்டையாகத் தெற்கே நகர்ந்து, இரண்டரை மாதத்தில் இந்தியாவின் தென்முனையை எட்டுவது தெரியவந்தது. 2014இல் வெளியான அந்த ஆய்வு இதைக் கடலுக்குள் ஓடும் ஓர் ஆறு என்றே வருணித்தது. விலையுயர்ந்த கருவிகளால் மட்டுமே கடலை அறிய முடியும் என்ற எண்ணத்தை இந்தப் புட்டிகள் அசைத்துவிட்டன. நீரோட்டக் கணிப்புக்கும் இது முதன்மையான செய்தி: உவர்ப்புக் குறைந்த இலேசான நீர் மேலே மெல்லிய அடுக்காகப் படியும்போது காற்றின் உந்துதல் முழுவதும் அந்த அடுக்குக்குள்ளேயே அடங்கிவிடுவதால், அதே காற்றுக்கு மேற்பரப்பு ஓட்டம் மேலும் விரைவாகிறது. நன்னீரின் அளவைத் தவறாகக் கொண்ட மாதிரி, காற்றைச் சரியாகக் கொண்டிருந்தாலும், ஓட்டத்தைத் தவறவிடும்.

அளவைகள் இவ்வாறு இடத்தாலும் ஆழத்தாலும் காலத்தாலும் துண்டுதுண்டாக இருக்க, கணினி மாதிரி எங்கும் நிரம்பியிருக்கிறது. கடலைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் நீரின் வேகம், வெப்பம், உப்பு, உயரம் ஆகியவை அடுத்த சில நிமிடங்களில் எவ்வாறு மாறும் என்பதை நியூட்டனின் இயக்க விதிகளிலிருந்தும், நிறையும் ஆற்றலும் அழிவதில்லை என்ற விதிகளிலிருந்தும் கணக்கிட்டுக்கொண்டே செல்வதுதான் மாதிரி. இன்காய்ஸ் பயன்படுத்தும் ரோம்ஸ் என்ற மாதிரி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உருவாகி உலகெங்கும் பரவியது. கடலடித்தளத்தின் மேடுபள்ளத்தைத் தழுவியபடி அடுக்குகள் அமைவது அதன் சிறப்பு என்பதால் கரையோரத்துக்கு ஏற்றது. இந்தியக் கரைக்கான அதன் நுண் வடிவத்தில் கட்டத்தின் அகலம் 2 கி.மீ.யைச் சற்றே தாண்டுகிறது.

மாதிரியின் பிழைகள் பல வாயில்கள் வழியாக நுழைகின்றன. உள்ளிடப்படும் காற்று வேறொரு கணிப்பிலிருந்து வருவது. ஆறுகள் கொட்டும் நீருக்குப் பெரும்பாலும் மாதச் சராசரியே கிடைக்கிறது. பாலாறு போல ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்து, 2021 நவம்பரில் போலத் திடீரெனப் பெருக்கெடுக்கும் ஆறுகளுக்குச் சராசரி என்ற சொல்லே பொருந்தாது. கட்டத்தை விடச் சிறிய சுழல்கள் நேரடியாகக் கணக்கில் வராமல் தோராயச் சூத்திரங்களால் ஈடுசெய்யப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தொடக்க நிலையில் இருக்கும் சிறு பிழை நாளடைவில் வளர்கிறது. புயலோ பலத்த காற்றோ கடந்த பிறகு கடல்நீர் உடனே ஓய்ந்துவிடுவதில்லை. புவியின் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் திரும்பி வட்டமிடுகிறது. ஒரு வட்டம் முடிய ஆகும் நேரம் அகலாங்கைப் பொறுத்தது. கல்பாக்கத்தின் அகலாங்கில் அது ஏறத்தாழ 55 மணி நேரம். இந்தக் கால அளவை மாதிரி தவறவிடாது, ஏனெனில் அது இயக்க விதியிலேயே அடங்கியுள்ளது. ஆனால் காற்று வீசிய நேரத்தை உள்ளீடு அரை நாள் தவறாகச் சொன்னாலும், வட்டத்தின் எந்தப் பகுதியில் நீர் இப்போது இருக்கிறது என்பது தவறிவிடும். ஒரு நாளுக்குமேல் தவறினால் மாதிரியின் ஓட்டமும் கடலின் ஓட்டமும் எதிரெதிர்த் திசையில் நிற்கும். விதி மாதிரிக்குத் தெரியும், நேரம் ரேடாருக்குத் தெரியும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே, இந்த ரேடார் இணையின் பார்வைக்கு உட்பட்ட கரையில்தான் ஏறியது என்பதை எண்ணினால், இப்பகுதியில் அத்தகைய வட்ட ஓட்டங்கள் ஏட்டளவில் நிற்பவையல்ல என்பது விளங்கும்.

அளவையை மாதிரிக்குள் கொண்டுவரும் முறை தரவு உள்வாங்கல் எனப்படும். அதன் சாரத்தை ஒரு கற்பனைக் கணக்கால் காட்டலாம். ஓரிடத்தில் தெற்கு நோக்கிய ஓட்டம் நொடிக்கு 40 செ.மீ. என மாதிரி சொல்கிறது. அதன் வழக்கமான பிழை 20 செ.மீ. அதே இடத்தில் ரேடார் 20 செ.மீ. என்கிறது, அதன் வழக்கமான பிழை 10 செ.மீ. இரண்டுக்கும் நடுவே 30 என்று கொள்வது நியாயம் போலத் தோன்றினாலும் சரியன்று. பிழைகளின் வர்க்கத்தைப் பார்த்தால் மாதிரிக்கு 400, ரேடாருக்கு 100; ஆகவே ரேடாருக்கு ஐந்தில் நான்கு பங்கும் மாதிரிக்கு ஒரு பங்கும் நம்பிக்கை அளிக்க வேண்டும். விடை 24 செ.மீ. அந்த விடையின் பிழை 9 செ.மீ.; மாதிரியின் பிழையைவிட மட்டுமன்றி, ரேடாரின் பிழையைவிடவும் அது குறைவு. மோசமான சாட்சி என்று மாதிரியை ஒதுக்கிவிட்டு ரேடாரை மட்டும் நம்பியிருந்தால் இந்த ஆதாயம் கிடைத்திராது. அதே வேளையில், ரேடாரின் பிழை 10 என்று சொல்லப்பட்டு உண்மையில் 30 ஆக இருந்தால் விடை கெட்டுவிடும். அளவையின் எண்ணைக் காட்டிலும் அதன் பிழையின் எண்ணே இங்கு விலைமதிப்புடையது. கருவிகளை நிறுவுவதில் காட்டப்படும் ஆர்வம் அவற்றின் பிழையைத் தொடர்ந்து கணக்கெடுப்பதிலும் காட்டப்பட வேண்டும் என்று கடலியலாளர் வற்புறுத்துவதன் காரணமும் அதுவே.

இந்தக் கணக்கின் முழுவடிவத்தை 1960இல் ருடால்ப் கல்மான் பொறியியலுக்காக வகுத்தார். ஆனால் கடல் மாதிரியில் கட்டங்கள் இலட்சக்கணக்கில் இருப்பதால், ஒவ்வொன்றின் பிழைக்கும் மற்ற ஒவ்வொன்றின் பிழைக்கும் உள்ள தொடர்பை எழுதிவைக்க எந்தக் கணினியாலும் இயலவில்லை. 1994இல் நார்வேயைச் சேர்ந்த கெய்ர் எவன்சன் ஒரு வழி சொன்னார்: ஒரே மாதிரியைச் சற்றே வேறுபட்ட தொடக்கங்களோடும் காற்றுகளோடும் பலமுறை இணையாக ஓட்டிப் பார்த்து, அந்த ஓட்டங்கள் தமக்குள் எவ்வளவு சிதறுகின்றன என்பதையே பிழையின் அளவாகக் கொள்ளலாம் என்பது அது. இன்காய்ஸின் ‘ரெய்ன்’ என்ற பகுப்பாய்வு அமைப்பு இம்மரபில் பின்னர் வந்த மேம்பட்ட வடிவத்தைப் பயன்படுத்துகிறது; ரோம்ஸ் மாதிரியின் 80 பிரதிகள் அதில் ஒருசேர ஓடுகின்றன. 80 பிரதிகளும் ஓரிடத்தில் ஒத்துப்போனால் மாதிரி அங்கு நம்பத்தக்கது எனக் கொள்ளப்பட்டு அளவைக்குக் குறைந்த பங்கே தரப்படும். சிதறினால் அளவையின் சொல் ஏறும்.

சிதறலிலிருந்து மற்றொரு பயனும் கிடைக்கிறது. தெற்கு நோக்கிய கரையோர ஓட்டம் வலுவாக இருக்கும் பிரதிகளில் எல்லாம் கரையோரக் கடல்மட்டமும் உயர்ந்திருப்பதைக் கணினி காணும். இது தற்செயலன்று. புவியின் சுழற்சி ஓடும் நீரை வடகோளத்தில் வலப்புறம் தள்ளுகிறது. தெற்கே ஓடும் நீருக்கு வலப்புறம் இருப்பது தமிழகக் கரை. 100 கி.மீ. அகலமுள்ள ஓர் ஓட்டம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் செல்ல, கரைப்பக்கம் கடல்மட்டம் ஏறத்தாழ 16 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும். ஆகவே ரேடார் வேகத்தை மட்டும் அளந்தாலும் அதைக் கொண்டு கடல்மட்டத்தையும் கீழடுக்குகளின் வெப்பத்தையும் திருத்தலாம். சென்னைத் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி உயரத்தை மட்டும் காட்டினாலும் அதைக் கொண்டு ஓட்டத்தைத் திருத்தலாம். அளக்காததையும் அளந்ததன் வழியே சீர்செய்வது தரவு உள்வாங்கலின் உயிர்நாடி.

திருத்துவதிலும் ஒரு பதம் உண்டு. காஞ்சிபுரத்துத் தறியில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக அமையும்போது, தனித்தனி நாடாக்களில் ஓடும் ஊடைகள் ஒவ்வோர் இழையிலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்வதைக் கோர்வை என்பர். அப்படி நெய்த சேலையில் கரை பிரிந்து வருவதில்லை. மாதிரியில் செய்யும் திருத்தத்துக்கும் அத்தகைய பிணைப்பு வேண்டும். மாதிரியின் வேகத்தை மட்டும் ஒரே வீச்சில் மாற்றி, அதற்கு இசைந்த கடல்மட்டத்தையும் அடர்த்தியையும் மாற்றாமல் விட்டால், சமநிலை குலைந்த மாதிரிக்கடல் செயற்கையான அலைகளை எழுப்பி, சில மணி நேரத்தில் திருத்தத்தையே உதறிவிடும். எனவேதான் திருத்தங்கள் இயக்க விதிகளோடு பிணைந்தவையாகவும், சில முறைகளில் பல மணி நேரத்துக்குச் சிறிது சிறிதாகவும் செலுத்தப்படுகின்றன.

ரேடார் அளந்த ஓட்டத்தைக் கரையோர மாதிரிக்குள் உள்வாங்கும் முயற்சிகள் கலிபோர்னியாவின் மாண்டரே வளைகுடாவில் 1998 அளவிலும், நார்வே, அமெரிக்காவின் ஒரேகான் கரைகளில் அதையடுத்த சில ஆண்டுகளிலும் வெற்றிகண்டன. மேற்பரப்பை மட்டும் பார்க்கும் ரேடாரைக் கொண்டு கீழ் அடுக்குகளின் ஓட்டத்தையும் மேம்படுத்தலாம் என்பதை, உள்வாங்காமல் ஒதுக்கிவைத்த நங்கூரக் கருவிகளின் அளவையோடு ஒப்பிட்டு ஒரேகான் ஆய்வு காட்டியது. ஒதுக்கிவைத்த அளவையால் சோதிப்பது இத்துறையின் ஒழுக்கம். உள்வாங்கிய தரவோடே ஒப்பிட்டு மாதிரி நன்றாக இருக்கிறது என்று சொல்வது ஒன்றையும் நிறுவாது. ரெய்ன் அமைப்பு முதன்மையாக உள்வாங்குபவை வெப்பநிலை, உப்புத்தன்மை ஆகியவற்றின் ஆழவாரி அளவைகளும் செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலையும்; இந்தியக் கரையின் ரேடார் ஓட்டங்கள் மாதிரியைச் சோதிக்கும் அளவுகோலாகவே பெரிதும் பயன்பட்டு வந்திருக்கின்றன.

இனி எண்ணூருக்கே திரும்பி, இந்த ஏற்பாட்டின் எல்லையைப் பார்க்கலாம். கல்பாக்கத்திலிருந்து எண்ணூர்க் கடலை நோக்கிய திசையும் கடலூரிலிருந்து அதை நோக்கிய திசையும் வரைபடத்தில் 10 பாகைக்கும் குறைவாகவே வேறுபடுகின்றன, ஏனெனில் மூன்று இடங்களும் ஏறத்தாழ ஒரே கரைக்கோட்டில் உள்ளன. இரு ரேடார்களும் அங்கு ஒரே பக்கத்திலிருந்து பார்ப்பதால், வடக்கு–தெற்கு வேகத்தை எவ்வளவு நன்றாக உணர்ந்தாலும் கரையை நோக்கிய வேகத்தை அறிய அவற்றுக்கு வழியில்லை. எண்ணெய் கரையில் ஒதுங்குமா, ஒதுங்காமல் கடந்து போகுமா என்பதை முடிவுசெய்வதோ கரையை நோக்கிய வேகம்தான். இரு நிலையங்களையும் இணைக்கும் கோட்டை ஒட்டிய நீரிலும் இதே இடர்ப்பாடு உண்டு. ஆகமொத்தம், கரையிலிருந்து முதல் 10 கி.மீ. என்பது ரேடார் கோணம் இழக்கும், செயற்கைக்கோள் தடுமாறும், ஆர்கோ இறங்காத, 2 கி.மீ. அகலமுள்ள கட்டங்களில் நான்கைந்தே அடங்கும் ஒரு பகுதி. கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும் நாள்தோறும் இயங்குவதும், நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நீரை உறிஞ்சுவதும், கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் வெந்நீர் கலப்பதும் இந்தப் பகுதியில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்று முகத்துவாரத்துக்கு வந்தபோது, ஆற்றையும் கடலையும் ஒரே கணக்கில் சேர்க்கும் மாதிரியின் தேவையும் இதே பகுதியில்தான் வெளிப்பட்டது.

இதற்குத் தீர்வுகள் அறியாதவையல்ல. அதிர்வெண்ணைக் கூட்டினால் ரேடாரின் எட்டும் தூரம் சில பத்துக் கிலோமீட்டராகச் சுருங்கினாலும் நுண்மை சில நூறு மீட்டருக்கு வருகிறது. துறைமுக வாயில்களில் அத்தகைய குறுந்தொலைவு ரேடார்களை நெருக்கமாக அமைப்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காட்டை ஒட்டிய கரையில் மூன்றாவதாக ஒரு நிலையம் அமைந்தால், தெற்கிலிருந்து மட்டும் பார்க்கப்படும் சென்னைக் கடலுக்கு மறுபக்கத்துப் பார்வையும் கிடைக்கும். அந்த நிலையமும் அதே கரைக்கோட்டில் இருக்கும்; கரையை நோக்கிய வேகத்தை அறிய அதன் கோணமும் போதாது என்பதால், துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர் போலக் கடலுக்குள் நீண்டிருக்கும் ஓரிடத்தில் நான்காவது உணர்கொம்பை நடுவது மேலும் பயன் தரும். மலிவான மிதவைகளில் இடங்காட்டியைப் பொருத்தி மீன்பிடிப் படகுகளிலிருந்து விடுவது, முழங்கால் நீரில் பிடித்த புட்டிகளின் வழியிலேயே அடுத்த அடி. அவை தரும் எண்கள் சிதறலாகவும் பிழை மிகுந்தும் இருக்கும். அந்தப் பிழை எவ்வளவு என்று அவற்றோடு சேர்த்து எழுதப்பட்டிருக்குமானால், 80 பிரதிகளின் கணக்கில் அவற்றுக்கும் உரிய பங்கு கிடைக்கும்.